நாங்கள் இரண்டு பேரும் நிற்கிற படம்

ஆக்லாந்துக்குத் தெற்கே எங்கள் பாபகூரா வீட்டுச் சமையலறையில் மூன்று வருடமாக ஒரே மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. சுவரில் தொங்கியது ஒரு யப்பான் கலண்டர். ஒரு காரின் இருக்கைக்கு அடியில் சுருண்டு கிடந்ததை நான்தான் எடுத்து வந்தேன். மேலே ஃபூஜி மலை, கீழே எங்களால் வாசிக்க முடியாத எழுத்தில் நாட்கள். மனைவி அதை மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். மலை போய்விடும் என்று தாளை ஒரு நாளும் புரட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யப்பானில் ஓடிய பழைய கார்கள் கப்பல் கப்பலாக ஆக்லாந்துத் துறைமுகத்தில் வந்து இறங்கிய காலம். அவற்றை வாங்கி விற்கிற ஒரு யார்டில் எனக்கு வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீசில் ஒருவர் என்னிடம் ஏதாவது கேட்டால், மறுமொழி வருவதற்கு முன் வியர்வை வந்துவிடும். கார் ஒன்றும் கேட்காது. அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சாம்பல் கிண்ணத்தைக் கழுவுவேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் யப்பான் தாள்களைச் சூடு காட்டி உரிப்பேன். கடைசியில் ஷமி என்று எல்லோரும் சொல்கிற மெல்லிய தோல் துணியால் ஈரம் ஒற்றி, மெழுகு போட்டு, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் துடைப்பேன். கார்களுக்குள் கிடக்கிற எதையும் குப்பையில் போட வேண்டும் என்பது கட்டளை. கலண்டர் ஒன்றில்தான் நான் அதை மீறினேன்.

துடைத்து முடித்ததும் காரைப் படம் எடுக்கிறதும் என் வேலையாயிற்று. தெற்குத் தீவில் இருக்கிறவர்கள் தொலைபேசியில் கார் கேட்பார்கள். அவர்களுக்குப் படம் தபாலில் போகும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு விலாவும் என்று ஒரு காருக்கு நான்கு படம். முதல் வாரம் நான் எடுத்தவற்றை முதலாளி மேசையில் பரப்பினார். அவர் ஒரு வெள்ளைக்காரர், பெரிய உடம்பு, எதற்கும் சிரிப்பார்.

"யாரப்பா இந்த மனுசன்?" என்று ஒரு சிவப்புக் காரின் கதவைக் காட்டிக் கேட்டார். பளபளப்பான கதவில் கமராவோடு நான் குள்ளமாக நின்றேன். அடுத்த படத்திலும் நின்றேன். "காரோடு இவரையும் சேர்த்தா விற்கிறோம்?"

பிறகு வெளியே கூட்டிப்போய்ச் சொல்லித் தந்தார். நேரே நிற்கக் கூடாது. மூலைப் பக்கமாகச் சரிந்து நிற்க வேண்டும். வெயிலும் நிழலும் பார்க்க வேண்டும். நீ காரில் தெரிந்தால் அந்தப் படம் குப்பை. நான் கெதியில் பழகிவிட்டேன். பிறகு ஆயிரக்கணக்கில் எடுத்திருப்பேன், ஒன்றிலும் நான் இல்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு முன்பே வந்த பழக்கம்தான். கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் படத்துக்கு நிற்கும்போது, "நான் எடுக்கிறன், நான் எடுக்கிறன்" என்று கமராவை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவேன்.

என் மனைவி இதற்கு நேர் எதிர். மனுகாவில் ஒரு முதியோர் விடுதியில் அவளுக்கு வேலை. காலைத் தேநீர் கொடுப்பது, கட்டில் விரிப்பது, அறை துடைப்பது. அவளுடைய இங்கிலீசும் என்னுடையதைப் போல அரைகுறைதான். ஆனால் அவள் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டாள். விடுதியில் இருக்கிற கிழவிகள் எல்லோரும் அவளுக்குச் சினேகிதம்.

ஒரு நாள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, அங்க ஒவ்வொரு அறையிலயும் கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு படம் இருக்கு. புருசனும் பெண்சாதியும் நிக்கிற படம். கடைசி அறைக் கிழவி, நான் தேத்தண்ணி கொண்டு போனால் முதல் அந்தப் படத்தைத் துடை எண்டு சொல்லுவா. பிறகுதான் குடிப்பா. மனுசன் செத்து எவ்வளவோ காலம்."

வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள்.

"எங்களிட்ட ஒண்டு இருக்கோ?"

"என்ன ஒண்டு?"

"ரெண்டு பேரும் நிக்கிற படம்."

யோசித்தேன். கலியாணப் படம் ஒன்று இருந்தது. ஊரில் யுத்தத்துக்குள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அது சுவரில் நின்றுவிட்டது. பிறகு அந்தச் சுவரும் இல்லை என்று அறிந்தோம். நியூசிலாந்துக்கு வந்து எடுத்த படங்களில், கடற்கரையில், பிறந்தநாள்களில், கோயில் வாசலில், எல்லாவற்றிலும் அவள் நிற்கிறாள்.

"ஆல்பத்தைப் பாத்தால் நான் தனிய இந்த நாட்டுக்கு வந்த மாதிரிக் கிடக்கு," என்றாள். "போன நத்தார்ப் பெருநாளுக்கு எடுத்ததில ஆரோ ஒராளின்ர தோளுக்குப் பின்னால உங்கட காது ஒண்டு தெரியுது. காதை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

"எடுப்பம்."

"எடுப்பம், எடுப்பம். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. உங்கட முகம் இதுதான் எண்டு ஒருத்தரில பாத்துச் சொல்லவும் ஏலாது. நாளைக்கு ஒராள் முந்திப் போனால் மற்ற ஆள் எதைப் பாக்கிறது?"

கத்தி பலகையில் விழுகிற சத்தம் கொஞ்ச நேரம் வேகமாகக் கேட்டது. நான் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் அதைத்தான் பார்த்தாள் போல.

அடுத்த வருடம் லண்டனில் அவளுடைய அக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்களுக்குக் கிடைத்த டிக்கெட் டோக்கியோ வழியாக. திரும்பி வரும்போது அங்கே ஒரு இரவு தங்கி, மறுநாள் பின்னேரம்தான் ஆக்லாந்துக்கு விமானம். டிக்கெட் விற்றவர் அதை ஒரு குறையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கூட வைக்காமல் கலண்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இந்த மலைக்கு முன்னால, ரெண்டு பேரும். ஒரு படம். வேற ஒண்டும் கேக்க மாட்டன்."

"சரி," என்றேன். அவள் முகத்தைப் பார்த்து, "சத்தியமா," என்றும் சொன்னேன்.

ஆனால் அங்கே எப்படிப் போவது? பாஷை தெரியாது, பாதை தெரியாது, ஒரு பகல்தான். யப்பானில் எங்கள் முதலாளிக்குக் கார் வாங்கி அனுப்புகிற ஒருவர் இருந்தார். முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் அவர் உதவி செய்வார். அதைக் கேட்க நான் இரண்டு கிழமையாக அலுவலக வாசல் வரை போவதும், அங்கே கிடக்கிற கார்த் திறப்புகளை ஆணிகளில் ஒழுங்காகக் கொழுவி வைத்துவிட்டுத் திரும்புவதுமாக இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவள் சாப்பாட்டுப் பெட்டியோடு யார்டுக்கு வந்தாள். நான் அன்றைக்குச் சாப்பாட்டை மறந்துவிட்டு வரவில்லை. என் பெட்டி என்னிடம்தான் இருந்தது. அவள் நேரே அலுவலகத்துக்குள் போனாள்.

"மை ஹஸ்பண்ட் ஹாஸ் ஒன் குவெஸ்சன்," என்றாள். "பட் ஹி வில் ஆஸ்க் நெக்ஸ்ட் இயர். ஸோ ஐ ஆஸ்க் டுடே."

முதலாளி சிரித்த சிரிப்பில் கோப்பி மேசையில் சிந்தியது. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். "ஐந்து வருடத்தில் நீ என்னிடம் கேட்கிற முதல் காரியம் இது. அதையும் நீ கேட்கவில்லை," என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். கார் அனுப்புகிறவருடைய மாமா டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவராம். தன்னுடைய சொந்தக் காரிலேயே கூட்டிப்போய் வருவார் என்று ஏற்பாடாயிற்று. "ஒரு போத்தல் நம் நாட்டு மனுக்காத் தேன் கொண்டுபோய்க் கொடு, அது போதும்," என்றார் முதலாளி. அந்தத் தேன் எங்களோடு லண்டனுக்கும் வந்து, கலியாண வீட்டில் யாரும் திறந்துவிடாதபடி அவளுடைய சேலைகளுக்குள் ஒளிந்திருந்தது.

திரும்பும் வழியில், டோக்கியோவில் காலை ஆறு மணிக்கு அந்த மாமா எங்கள் ஹோட்டல் வாசலில் நின்றார். எழுபது வயது இருக்கும். கழுத்துப்பட்டி, வெள்ளைக் கையுறை. எங்களைக் கண்டதும் இடுப்பு வரை குனிந்தார். என் கண் அவரைத் தாண்டிக் காருக்குப் போய்விட்டது. கறுப்புக் கார், பழைய சதுர வடிவம். எங்கள் யார்டுக்கு வந்தால் பதினைந்து வயது என்று எழுதுவோம். ஆனால் அப்படி ஒரு கறுப்பை நான் யார்டில் கண்டதில்லை. குனிந்து கதவின் கீழ் விளிம்பைப் பார்த்தேன். துரு இல்லை. மறுபக்கம் போய் அதையும் பார்த்தேன்.

"பொம்பிளை பாக்க வந்த மாதிரிப் பாக்காதேங்கோ," என்றாள் மனைவி. "ஏறுங்கோ."

இருக்கைகளுக்கு வெள்ளைப் பின்னல் உறை போட்டிருந்தது. அதில் சாய்ந்தால் அழுக்காகுமே என்று நான் நிமிர்ந்தே இருந்தேன். அங்கேயும் ஆக்லாந்தைப் போல இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள். நகரத்தைக் கடக்கவே வெகு நேரம் பிடித்தது. பிறகு மலைகள் தொடங்கின. ஒவ்வொரு மலைக்கும் அவள், "இதுதானோ? இதுதானோ?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். அவருக்கு விளங்கிவிட்டது. கையுறைக் கையை ஆட்டி, "நோ. ஃபூஜி, பிக்," என்றார். மூன்றாவது தரம் கேட்டபோது அவரே சிரித்துவிட்டார்.

ஒன்பதரை மணியளவில் ஒரு ஏரிக்கரையில் பாதை கொஞ்சம் அகன்ற இடத்தில் நிறுத்தினார். உட்கார ஒரு வாங்கும் இரண்டு மரங்களும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இறங்கினோம். எதிரே ஏரியை மூடி வெள்ளையாகப் பனிப்புகார்ச் சுவர். அவர் அதைக் காட்டி, "ஃபூஜி," என்றார். பிறகு மெதுவாக, காற்றில் விரலால் ஒரு மலையை வரைந்து காட்டினார். தன்னுடைய பிழை போலத் தலையைக் குனிந்தார்.

"மலை உள்ளுக்குத்தான் இருக்குதாம்," என்றாள் மனைவி. "இருக்கட்டும். வரும். நாங்கள் நிண்டு பாப்பம்."

அவர் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டரையைத் தொட்டுக் காட்டினார். அதற்கு மேல் நின்றால் விமானம் போய்விடும்.

வாங்கில் இருந்தோம். அவள் அன்றைக்கென்று பச்சைச் சேலை உடுத்தி, அதன் மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அக்கா கட்டித் தந்த கலியாணக் கேக்கை அவருக்குக் கொடுத்தாள். அவர் தன் மனைவி செய்து தந்த சோற்று உருண்டைகளை எங்களுக்குத் தந்தார். அதைச் சுற்றிக் கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது.

"இந்தக் காகிதத்தையும் தின்னுறதோ?" என்று என்னிடம் கேட்டாள்.

அவர் அதையும் சேர்த்துக் கடித்துக் காட்டினார். அவள் கடித்தாள். "கடல் வாசம்," என்று சொல்லி இன்னொன்று எடுத்தாள்.

ஒரு மணித்தியாலம் போயிற்று. புகார் அப்படியே நின்றது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கமராவை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றினேன். இப்படி ஒரு காரை முதலாளிக்குக் காட்டாமல் விட முடியுமா? முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டு விலாவும். மூலைப் பக்கம் சரிந்து நின்று, நான் விழாதபடி, ஒழுங்காக எடுத்தேன்.

"காரை என்னத்துக்கு?" என்றாள் வாங்கில் இருந்தபடி.

"முதலாளிக்கு."

இலேசாகத் தூறல் போட்டு நின்றது. கறுப்புக் காரில் தூறல் விழுந்து காய்ந்தால் என்னவாகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வரும் பாதையில் பட்ட சேறும் கதவுகளில் இருந்தது. என் கோட்டுப் பையில் ஷமி துணி இருந்தது. அது எப்போதும் இருக்கும். கோட்டைக் கழற்றி வாங்கில் வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாதைப் பக்கத்துக் கதவில் தொடங்கினேன்.

அவர் ஓடி வந்தார். "நோ, நோ, நோ," என்று இரண்டு கைகளாலும் மறித்தார். அவருடைய முகம் சிவந்துவிட்டது. விருந்தாளி கார் துடைப்பதா என்று அவருக்கு வெட்கம். எனக்கும் வெட்கம். என்ன சொல்வது? நெஞ்சில் கை வைத்தேன். "ஜாப்," என்றேன். "ஆக்லாந்து. யப்பான் கார்." துடைக்கிற மாதிரிக் கையை ஆட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்களை மடக்கி, பிறகு இரண்டு கைகளையும் விரித்து, நிறைய என்று காட்டினேன்.

அவர் என்னையும் துணியையும் பார்த்தார். பிறகு பின்பெட்டியைத் திறந்தார். அதற்குள் ஒரு வாளி, தண்ணீர்ப் போத்தல், மடித்து அடுக்கிய மஞ்சள் துணிகள், ஒரு இறகுத் தூசிதட்டி. கையுறைகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒரு துணியை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் வட்டம் வட்டமாகத் துடைக்கிறவன். அவர் தலையை ஆட்டி, முன்னிருந்து பின்னுக்கு நேர்கோடாக இழுத்துக் காட்டினார். செய்து பார்த்தேன். கோடு விழவில்லை. பிறகு நான் ஷமியை எப்படிப் பிழிந்து உதறினால் நூல் ஒட்டாது என்று காட்டினேன். அவர், "ஆ," என்றார். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் ஒரு பிறத்தியானோடு கதைத்த அளவுக்கு அதற்கு முன்பு கதைத்ததில்லை. பேச்சே இல்லை, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

"இஞ்ச பார், மாப்பிளையும் மாமனும்," என்றாள் மனைவி தனக்குள்.

பாதைப் பக்கம் முடித்து, ஏரிப் பக்கம் வந்தேன். மலை இருக்கிற பக்கத்துக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து பின்கதவைத் துடைத்தேன். கறுப்பில் வெள்ளையாக ஒரு கறை தெரிந்தது. தூறல் காய்ந்தது என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன். கறை பெரிதாயிற்று.

"இஞ்சாருங்கோ!" அவள் கத்தினாள். "திரும்புங்கோ! கதவை விட்டிட்டுத் திரும்பிப் பாருங்கோ!"

திரும்பினேன். நான் நினைத்த இடத்தில் மலை இல்லை. அதற்கும் எவ்வளவோ மேலே, வெறும் வானம் என்று நான் விட்டிருந்த இடத்தில் இருந்தது. கீழே புகார் அப்படியே கிடக்க, பனி வழிந்த அந்தத் தலை மட்டும் தனியாக நின்றது. கலண்டரில் அது ஒரு படம். இங்கே அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, பாதைப் பக்கத்து முன்கதவோடு ஒட்டி நின்றாள். காரின் கூரைக்கு மேலே, அவளுடைய தோளுக்குப் பின்னால் மலை. "வாங்கோ! கெதியா!"

கமராவை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றிப் பாதைப் பக்கம் ஓடி வந்தேன். பெரியவர் இரண்டு கைகளையும் நீட்டினார். "டூ," என்று எங்கள் இருவரையும் காட்டினார். கமராவை அவரிடம் கொடுத்தால் போதும். ஐந்து அடி நடந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றால் போதும். நான் என்னைப் பார்த்தேன். மடித்த சட்டைக் கை, முழங்காலில் சேறு, தோளில் ஈரத் துணி. இந்தக் கோலத்திலா?

"கொஞ்சம் பொறும். முதல் உம்மைத் தனிய ஒண்டு எடுக்கிறன். பிறகு கை கழுவிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாறன்."

"கோட்டும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், வாங்கோவன் இப்பிடியே—"

அவள் கையை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் அழுத்திவிட்டேன். கமரா கிளிக் என்றது. பிறகு நீளமாக ஒரு சத்தம் போட்டது. ஃபிலிம் முடிந்து தானாகச் சுற்றிக்கொள்கிற சத்தம். யார்டில் நாளும் கேட்கிற சத்தம்தான்.

"என்ன அது?"

"முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"ஃபிலிம்."

அவள் நீட்டிய கையை மெதுவாக இறக்கினாள். பெரியவர் கமராவையும் எங்கள் முகங்களையும் பார்த்து விளங்கிக்கொண்டு, கடைக்குப் போவோம் என்று சைகை செய்து காரில் ஏறினார். ஒரு கடை தேடி, ஃபிலிம் வாங்கி, அதே இடத்துக்குத் திரும்ப இருபது நிமிடம். புகார் மூடிவிட்டது. பன்னிரண்டரை வரை நின்றோம். அது திறக்கவில்லை. மலை இல்லாமல் எடுப்போமா என்று கேட்டேன்.

"புகாருக்கு முன்னால நிண்டு எடுக்கிறதுக்கு யப்பானுக்கு வர வேணுமோ? அது பாபகூராவிலயே கிடக்கு."

திரும்பி வரும் பாதையில், நகரத்துக்குக் கிட்ட வந்தபோது கண்ணாடிப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "காரை நாலு பக்கமும் எடுத்தீங்கள். என்னை ஒரு பக்கம் எடுத்தீங்கள். உங்களை ஒரு பக்கமும் எடுக்கேல்லை." குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விமான நிலையத்தில் அவள் தேன் போத்தலைக் கொடுத்தாள். பெரியவர் குனிந்தார். நான் அவரைவிடக் கூடக் குனிந்தேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஷமி துணியை எடுத்து அவருடைய கையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை சமையலறைக்குப் போனேன். கலண்டரில் மலை இல்லை. அவள் தாளைப் புரட்டியிருந்தாள். ஒரு சிவப்புப் பாலம் தொங்கியது.

அவள் வழமைபோல வேலைக்குப் போனாள், சமைத்தாள், என்னைப் பகிடி பண்ணினாள். ஃபிலிம் சுருள் ஐந்து கிழமை யன்னல் ஓரத்தில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. ஒரு நாள் அவள் யன்னலைத் துடைத்தபோது அதை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த நாள் மதியம், படமும் கழுவித் தருகிற மருந்துக் கடையில் கொடுத்தேன்.

படங்கள் வந்ததும் காருக்குள் இருந்தபடியே உறையைப் பிரித்தேன். லண்டன் கலியாணம். பிறகு கறுப்புக் கார், நான்கு பக்கமும், நல்ல சுத்தமாக. கடைசியாக அந்தப் படம். பச்சைச் சேலை. வாய் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டு கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால் மலை, தெளிவாக. அவளுக்குப் பக்கத்தில், நான் முதலில் துடைத்த பாதைப் பக்கத்துப் பின்கதவின் கறுப்பில், கமராவோடு ஒரு குள்ள மனிதன். அவசரத்தில் நேரே நின்றுவிட்டேன்.

பழக்கம்தான், வேறென்ன. குப்பை என்று மனம் சொன்னது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காரின் முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டிக்குள் வைத்துவிட்டு, மற்றவற்றை வீட்டுக்குள் கொண்டுபோனேன்.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு மேசையடியில் இருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மணப்பெண்ணை, அக்காவை, கேக்கை. கறுப்புக் கார் வந்தது.

"ஓ, கதாநாயகர் வந்திட்டார்." நான்கையும் புரட்டினாள். உறையைக் கவிழ்த்துத் தட்டினாள். "மலை எங்க?"

"அது பழுதாப் போச்சு."

"பழுதெண்டால்? வரேல்லையோ?"

"மலை வந்திருக்கு. நீரும் நல்லா வந்திருக்கிறீர். ஆனால் என்ர உருவம் விழுந்திட்டுது."

"எங்க?"

"கார்க் கதவில."

அவள் உறையை மேசையில் வைத்தாள். "போய் எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். பார்த்தாள். எழும்பிப் போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து திரும்பப் பார்த்தாள். "அடுத்த முறை லண்டனுக்குப் போனால்…" என்று நான் தொடங்கினேன்.

"பேசாமல் இருங்கோ."

கறி அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. அவள் அசையவில்லை. பிறகு படத்தை மேசையில் வைத்து விரலால் தொட்டாள்.

"இது நான்."

"ஓம்."

"இது மலை."

"ஓம்."

"இது ஆர்?"

"நான்."

"பிறகென்ன பழுது?"

நான் குனிந்து பார்த்தேன். ஆயிரம் படங்களில் அந்த உருவத்தை நான் தேடியிருக்கிறேன், எறிவதற்காக. இப்போதுதான் அதைப் பார்த்தேன். முன்தலை வழுக்கை. மடித்த சட்டைக் கை. தோளில் துணி. அவள் நீட்டிய கை நேரே எனக்குத்தான் நீண்டிருந்தது. ஓரத்தில் பெரியவருடைய கை ஒன்றும் கமராவைக் கேட்டு நீண்டிருந்தது.

"முகம் தெரியேல்லையே. கமரா மறைக்குது," என்றேன்.

"இருபத்தொரு வருசமாப் பாக்கிற முகம்தானே. அந்தத் தோளையும் துணியையும் பாத்தால் எனக்குத் தெரியாதோ?" கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணாடியை மட்டும் அல்ல. "இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய், என்ன கோலத்தில நிக்கிறார் பாருங்கோ," என்று மடு மாதாவிடம் சொல்லிவிட்டு, எரிகிற கறியிடம் ஓடினாள்.

படத்தைப் பெரிதாக்கச் சொல்லி அவள் என்னைத்தான் அனுப்பினாள். தன்னால் வர ஏலாது, வேலை என்றாள். அன்று அவளுக்கு வேலை இல்லை.

மருந்துக் கடையில் இருந்த பெண் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நல்ல படம், அழகான அம்மா, என்று ஏதேதோ சொன்னாள். பிறகு அளக்கிற அடிமட்டம் ஒன்றைப் படத்தின் மேல் வைத்து, கதவு தொடங்குகிற இடத்தைக் காட்டினாள். இங்கே ஒரு ஆள் விழுந்திருக்கிறார், இதோடு வெட்டிவிட்டால் அம்மாவும் மலையும் மட்டும் சுத்தமாக வரும், வெட்டவா என்று கேட்டாள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். நெற்றியில் வியர்த்தது.

"நோ," என்றேன். சத்தம் எனக்கே கூடிப்போன மாதிரி இருந்தது. "நோ கட். தட் மேன் இஸ் த ஹஸ்பண்ட்."

அவள் படத்தைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். அடிமட்டத்தை எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டு, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டாள்.

அதற்கு எனக்கு இங்கிலீசு தேவைப்படவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி, எங்கள் சமையலறைக் கலண்டரின் அளவுக்கு அகட்டிக் காட்டினேன்.